கண்டியைத் தமிழில் சுற்றிப் பார்க்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கண்டிக்காரன், தமிழில் ஊரைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டி. அப்பா ஹந்தானைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். நான் வளர்ந்தது டவுனில். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, சென்னை, கோலாலம்பூர் என்று எங்கிருந்து அழைப்பு வந்தாலும் முதல் பத்து நிமிடம் ஒரே கேள்விகள்தான். அதனால் பதில்களை எழுதி வைத்துவிட்டேன். படித்துவிட்டு அழையுங்கள், மிச்சத்தைப் பேசிக்கொள்ளலாம்.

தனிச் சுற்று என்றால் என்ன? வேறு ஆட்களும் வருவார்களா?

வரமாட்டார்கள். உங்கள் வீட்டு ஆட்கள், சாரதி, நான், அவ்வளவுதான். மூன்று பேர் வரை கார், அதற்கு மேல் வேன். கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடுகிற வேலை என்னிடம் இல்லை. பாட்டிக்கு ஒரு தூணோரம் அரை மணி நேரம் உட்காரத் தோன்றினால் உட்காரட்டும்.

ஒரே நாளில் கண்டி முழுவதையும் பார்த்துவிடலாமா?

"பார்த்தோம்" என்று சொல்லிக்கொள்ளலாம். புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகை, அரண்மனை வளாகம், தெய்வக் கோயில்களான தேவாலயங்கள், ஏரி, பேராதனைப் பூங்கா என்று ஐந்தையும் ஒரு பகலில் முடிக்க முடியும். அதோடு தேயிலை அருங்காட்சியகம், பஹிரவகந்தை புத்தர் சிலை, மூங்கில் கடை, ரத்தினக் கடை, நடனம் என்று பட்டியல் போட்டு வருபவர்கள் பாதி நாளை வாகனத்துக்குள்தான் கழிப்பார்கள். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் டவுன் நெரிசலில் மாட்டினால் தெரியும். கண்டி மலைகளுக்கு நடுவே ஒரு கிண்ணம் மாதிரி. எல்லா வீதியும் அதே கிண்ணத்துக்குள்தான் இறங்குகிறது.

என் யோசனை: ஒரு நாள் என்றால் காலையில் நகரம், மதியத்துக்கு மேல் ஒரே ஓர் இடம். இரண்டு நாள் கிடைத்தால் இரண்டாம் நாளை கீழே சொல்லியிருக்கும் மூன்று கோயில்களுக்குக் கொடுங்கள்.

எத்தனை மணிக்குத் தொடங்குவோம்?

தலதா மாளிகையில் பூஜை அதிகாலை 5.30, காலை 9.30, மாலை 6.30. புனித தந்தம், அதாவது அந்தப் பல், இருக்கும் மேல்மாடிக் கதவு அந்த நேரங்களில்தான் திறக்கும். 9.30 பூஜைக்குப் போக வேண்டுமென்றால் எட்டரைக்கு ஹோட்டல் வாசலில் இருப்பேன். கூட்டம் பிடிக்காதவர்களுக்கு 5.30தான் நல்லது. ஏரியில் பனி கலையாத நேரம், மேளச் சத்தம் வெளிவாசல் வரை கேட்கும். எழுந்து வருவது உங்கள் பாடு.

ஒருமுறை நெரிசலைக் கணக்கில் எடுக்காமல் மாலைப் பூஜைக்கு ஒரு குடும்பத்தைத் தாமதமாகக் கொண்டுபோய்விட்டேன். படியேறும்போதே கதவு சாத்தியாயிற்று. தவறு முழுக்க என்னுடையது. அன்றிலிருந்து மாலைப் பூஜை கேட்பவர்களை ஐந்தரைக்கே வளாகத்துக்குள் கொண்டுபோய்விடுகிறேன்.

புனித தந்தத்தை நேரில் பார்க்கலாமா?

முடியாது. தெரிவது தாதுகோபுர வடிவிலான பொன் பேழை. ஒன்றுக்குள் ஒன்றாகப் பேழைகள் இருக்கின்றன. தந்தம் கடைசிப் பேழைக்குள். வரிசையில் நகர்ந்துகொண்டே அந்த ஜன்னலைக் கடப்பீர்கள், சில விநாடிதான். தந்தத்தையே பொதுமக்கள் பார்வைக்கு வைப்பது எப்போதாவது ஒருமுறை. 2009க்குப் பிறகு 2025 ஏப்ரலில்தான் மறுபடி வைத்தார்கள். அந்தப் பத்து நாளும் நகரில் கால் வைக்க இடமில்லை.

என்ன உடுத்துவது? திருநீறு, பொட்டோடு போகலாமா?

தோளும் முழங்காலும் மறைய வேண்டும். சேலை, சுடிதார், வேட்டி, நீளக் காற்சட்டை எல்லாம் சரி. வெளிர் நிறம் நல்லது. செருப்பை வெளியே விட வேண்டும். மதிய வெயிலில் கல் கொதிக்கும், காலுறை போட்டுக்கொள்ளுங்கள். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுக்கக் கூடாது. செல்ஃபிக்காரர்கள் இதைத்தான் மறக்கிறார்கள்.

திருநீறு, குங்குமம் எதற்கும் தடை இல்லை. இந்தக் கேள்வியைத் தயங்கித் தயங்கிக் கேட்பவர்கள் உண்டு, அதனால்தான் எழுதுகிறேன். உள்ளே தமிழில் பேசலாம், குரலைத் தாழ்த்தினால் போதும். நுழைவாசலில் உடல், பைச் சோதனை எல்லோருக்கும் உண்டு. 1998 ஜனவரி 25 அன்று வாசலில் குண்டு வெடித்து முன்பக்கம் பெரும் சேதமானது. பிறகு திருத்திக் கட்டினார்கள். அதைப் பற்றியும் கேளுங்கள், பதில் சொல்கிறேன். வரிசையில் நிற்கும்போது மட்டும் வேண்டாம்.

கண்டியின் கடைசி ராஜா தமிழரா?

எல்லோரும் கேட்கும் கேள்வி. ஒரே வார்த்தையில் பதில் எதிர்பார்ப்பவர்களுக்கு நான் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

கண்டி அரசர்களுக்கு மதுரைப் பக்கம் பெண் எடுக்கும் வழக்கம் இருந்தது. வீர நரேந்திரசிங்கன் 1739இல் பட்டத்துக்கு உரிய பிள்ளை இல்லாமல் இறந்தபோது, அவனுடைய ராணியின் சகோதரன் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்ற பெயரில் அரியணை ஏறினான். மைத்துனன் ஆட்சிக்கு வந்த கதை. அதன்பின் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன், ராஜாதி ராஜசிங்கன், ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் என்று 1815 வரை நான்கு பேரும் நாயக்க வம்சம். மூலம் தெலுங்கு, பிறந்து வளர்ந்த உலகம் தமிழ்நாடு, அரசாண்டது சிங்கள நாடு, கும்பிட்டுக் காத்தது பௌத்தம். கடைசி ராஜாவின் இளமைப் பெயர் கண்ணுசாமி. இப்போது நீங்களே சொல்லுங்கள், தமிழரா இல்லையா என்று.

இதில் எனக்குப் பிடித்த இடம் கீர்த்தி ஸ்ரீ. இலங்கையில் முறைப்படி உபசம்பதா என்ற முழுத் துறவறம் பெற்ற பிக்குகளே இல்லாமல் போயிருந்த காலத்தில், சியாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) உபாலி தேரரை வரவழைத்து 1753இல் அந்த மரபை மறுபடி தொடக்கிவைத்தவன் அவன். ஆண்டு ஊர்வலமான பெரஹராவில் புனித தந்தத்துக்கு முதலிடம் வந்ததும் அவன் காலத்தில்தான். அதற்கு முன் அது தேவாலயங்களின் ஊர்வலம். மதுரையிலிருந்து வந்த குடும்பம் செய்த ஏற்பாடு இன்றைக்கும் ஒவ்வோர் ஆண்டும் நடக்கிறது.

கடைசி ராஜாவைப் பற்றி நல்லதும் கெட்டதும் கேட்பீர்கள். எஹலப்பொல என்ற திசாவை (மாகாணத் தலைவர்) ஆங்கிலேயர் பக்கம் போனபோது 1814இல் அவர் மனைவி மக்களைக் கொல்லச் செய்தது இந்த ராஜாதான். நாத தேவாலயத்தின் பக்கம் அந்த இடத்தைக் காட்டுகிறேன், சிறு பிள்ளைகள் கூட இருந்தால் கதையைச் சுருக்கிவிடுவேன். 1815 பெப்ரவரி 18 அன்று மெதமகாநுவரப் பக்கம் ராஜா பிடிபட்டான். அடுத்த ஆண்டு குடும்பத்தோடு கப்பலேற்றி வேலூர்க் கோட்டைக்கு அனுப்பினார்கள். 1832இல் அங்கேயே இறந்தான். சமாதி பாலாற்றங்கரையில் இருக்கிறது, முத்து மண்டபம் என்பார்கள். வேலூரிலிருந்து வந்த ஒரு ஐயா, "தினமும் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போனேன், யார் சமாதி என்று ஒருநாளும் கேட்டதில்லையே" என்று அரண்மனைத் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

1815 ஒப்பந்தத்தில் தமிழில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்பது உண்மையா?

உண்மை. மார்ச் 2ஆம் திகதி மகுல் மடுவ என்ற சபா மண்டபத்தில் கண்டிப் பிரதானிகள் நாட்டை ஆங்கிலேயருக்கு எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஒப்பங்களில் சில தமிழ் எழுத்தில் இருக்கின்றன. பிரதானிகள் எல்லோரும் தமிழர் என்று இதற்கு அர்த்தமில்லை. அரசவையில் தமிழ் எவ்வளவு புழங்கியது என்பதற்கு அடையாளம். ஒப்பந்தத்தின் பிரதி கண்டி தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பழைய ராணிமார் மாளிகைதான் அது, தலதா மாளிகைக்குப் பின்னால்.

மகுல் மடுவவைச் சும்மா கடந்து போகாதீர்கள். 1783இல் ராஜாதி ராஜசிங்கன் தொடங்கியது. சுவர் கிடையாது, தூணும் கூரையும்தான். தூணின் அடிப்பகுதி சதுரம், மேலே போகப் போகப் பட்டை தீட்டியது போல் குறுகும். கையால் தொடாமல் முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கள்; உளி நின்று திரும்பிய இடம் தெரியும். இதே மாதிரியைப் பார்த்துத்தான் திரித்துவக் கல்லூரியின் கிறிஸ்தவத் தேவாலயத்தையும் சுவரில்லாமல் கட்டினார்கள். அனுமதி கிடைக்கிற நாளில் அங்கும் போகலாம்.

சிம்மாசனம் எங்கே?

கண்டியில் இல்லை. கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில். ஆங்கிலேயர் கொண்டுபோனார்கள், 1934இல் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஏரியைச் சுற்றி நடக்கலாமா?

நடக்கலாம். மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல். கடைசி ராஜா வயல்வெளியை மறித்து 1807இல் கட்டிய குளம் அது. கரையில் முக்கோண ஓட்டைகளோடு அலை அலையாகப் போகும் மதிலை 'முகில் மதில்' என்று சொல்வார்கள். சுற்றி முடிவதற்குள் ராஜ்ஜியமே போய்விட்டது, மதில் பாதியில் நிற்கிறது. நாட்டைப் பறிகொடுத்த வேகம் வேறெங்கும் இவ்வளவு தெளிவாகத் தெரியாது என்பேன். ஏரி முகப்பில் இருக்கும் எண்கோண மண்டபத்தைக் கட்டியவர் தேவேந்திர மூலாச்சாரி. பெயரைக் கவனியுங்கள், ஆச்சாரி.

காகங்கள் மாலையில் மரத்துக்கு வரும். தலையில் எதையாவது போட்டுக்கொள்ளுங்கள்.

கோயிலுக்குப் போக முடியுமா?

தலதா மாளிகைக்கு எதிர்ப்பக்கமே நான்கு தேவாலயங்கள் இருக்கின்றன: நாத, விஷ்ணு, பத்தினி, கொஞ்சம் தள்ளிக் கடைத்தெருவுக்குள் கதிர்காம தேவாலயம். நாத தேவாலயம்தான் நகரிலேயே மிகப் பழைய கட்டடம், 14ஆம் நூற்றாண்டு. கதிர்காம தெய்யோ நம் முருகன். பத்தினி தெய்யோ கண்ணகி. சேரன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது இலங்கைக் கயவாகு மன்னனும் போயிருந்தான் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். இங்கே அவள் பிள்ளைகளுக்கு அம்மை வராமல் காக்கும் தாய். சிங்கள அம்மாமார் பூத்தட்டோடு நிற்கும் வரிசையில் நீங்களும் நிற்கலாம்.

நம் முறைப்படி அர்ச்சனை செய்ய வேண்டுமென்றால் கட்டுக்கலைப் பிள்ளையார், அதாவது ஸ்ரீ செல்வ விநாயகர் ஆலயம். பேராதனைப் பக்கம் போகிறவர்கள் பல்கலைக்கழக வளவில் இருக்கும் குறிஞ்சிக்குமரனைக் கும்பிட்டுவிட்டு வரலாம். மலை, முருகன், மாணவர்கள். சரியான பெயர்.

இரண்டாம் நாள் எங்கே போகலாம்?

கடலாதெனிய, லங்காதிலக, எம்பெக்கே. மூன்றும் கண்டிக்குத் தென்மேற்கே, வயலும் கித்துள் மரமும் நிறைந்த ஊர்ப் பாதைகளில். வெளிநாட்டார் இவற்றைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். தமிழர் விடக் கூடாது.

கடலாதெனிய விகாரை 1344இல் கட்டியது. சிற்பி கணேஸ்வராச்சாரி. கல்லால் ஆன முகப்பைத் தூரத்திலிருந்து பார்த்தால் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கோயில் என்றே சொல்வீர்கள், உள்ளே போனால் புத்தர். லங்காதிலகவும் அதே காலம். பாறை மேல் வெள்ளையாக நிற்கும். ஒரு பக்கம் விகாரை, மறுபக்கம் சுற்றிவரத் தெய்வங்கள், அதில் பிள்ளையாரும் உண்டு. பக்கத்துப் பாறையில் கல்வெட்டு, சிங்களத்திலும் தமிழிலும். போன வருடம் பத்து வயதுப் பெண்பிள்ளை ஒன்று குந்தி உட்கார்ந்து விரலை எழுத்துக்கு மேலாக ஓட்டி, "மாமா, இது 'ட', இது 'ப'" என்று ஒவ்வொன்றாகப் பிடித்தது. அறுநூற்றைம்பது ஆண்டுக்கு மேலான எழுத்து. அன்றைக்கு எம்பெக்கேக்குப் போகத் தாமதமாகிவிட்டது, நான் அவசரப்படுத்தவில்லை.

எம்பெக்கே தேவாலயமும் கதிர்காமத் தெய்வத்துக்குரியது. மரத்தூண்களைப் பார்க்கத்தான் போவது. மல்லர்கள், அன்னம், இரட்டைத்தலைக் கழுகு, பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய் என்று ஒரு தூணில் இருப்பது இன்னொன்றில் இல்லை.

தேயிலை பார்க்க வேண்டும். எங்கே?

ஹந்தானையில் தேயிலை அருங்காட்சியகம் இருக்கிறது, 1925இல் கட்டிய பழைய தொழிற்சாலையில். எங்கள் ஆட்கள் தொழிற்சாலையை 'ஸ்டோர்' என்றுதான் சொல்வார்கள். அரைக்கிற, உலர்த்துகிற பழைய இயந்திரங்கள், 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரின் பொருட்கள் எல்லாம் உண்டு. மேல்மாடியில் நல்ல தேத்தண்ணி, நல்ல காட்சி.

துரைமார் கதை அங்கே கிடைக்கும். கொழுந்து பறித்தவர்கள் கதைக்குக் கம்பளைப் பக்கம் போக வேண்டும்: தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடான பழைய லயத்தையே அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு காம்பராவுக்குள், அதாவது ஓர் அறைக்குள், நின்று பாருங்கள். கோப்பிக் காலத்திலிருந்தே, 1820களிலிருந்து, மன்னார் வழியாகக் காட்டுப்பாதையில் மாத்தளை வரை நடந்து வந்தார்கள். வழியில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. 1948இல் குடியுரிமையும் போயிற்று. அந்த நடையின் இருநூறாவது ஆண்டை நினைத்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மறுபடி நடந்தார்கள். என் அத்தை ஒருத்தி அதில் இரண்டு நாள் நடந்துவிட்டுக் காலை நீட்டிக்கொண்டு ஒரு வாரம் படுத்திருந்தாள்.

ஒரு வேண்டுகோள். மலையில் கொழுந்து எடுக்கும் அக்காமாரைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அவர்கள் நிறைக்கு வேலை செய்கிறார்கள். நீங்கள் நிறுத்தி வைக்கும் பத்து நிமிடம் அன்றைய கிலோவில் குறையும். தமிழில் "வணக்கம் அக்கா, எந்த ஊர்?" என்று கேட்டால் அவர்களே பேசுவார்கள். மற்றச் சுற்றுலாக்காரர்களுக்கு இந்த வசதி கிடையாது.

பேராதனைப் பூங்காவுக்கு எவ்வளவு நேரம்?

இரண்டரை மணி. 147 ஏக்கர், மகாவலி மூன்று பக்கம் சுற்றிக்கொண்டு ஓடுகிறது. ராட்சத மூங்கில், பனை வரிசை, ஆர்க்கிட் வீடு. வௌவால்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

வயதானவர்களுக்குச் சிரமமா?

தலதா மாளிகையில் படி உண்டு, நடக்க முடியும். லங்காதிலகவில் பாறைப் படி செங்குத்து, மழை பெய்தால் வழுக்கும். முழங்கால் வலி இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள், வாகனம் கிட்டப் போகும் பாதையால் கூட்டிப் போகிறேன்.

பெரஹராவுக்கு வரலாமா?

ஜூலை அல்லது ஆகஸ்டில், ஐந்து இரவு கும்பல் பெரஹரா, ஐந்து இரவு ரந்தோலி பெரஹரா, பிறகு கெட்டம்பேயில் ஆற்றில் நீர் வெட்டும் சடங்கு. யானை, மேளம், தீப்பந்தம் என்று கடைசி இரவுகள்தான் பெரிது, கூட்டமும் பெரிது. நான் கும்பல் இரவுகளையே சொல்வேன். பாதி விலைக்கு இடம் கிடைக்கும், பிள்ளை தோளில் தூங்கிவிட்டால் எழுந்து போகவும் வழி இருக்கும். அந்தப் பத்து நாளும் வாகனச் சுற்று நடக்காது, நடைதான்.

மழை?

வரும். மாலையில்தான் அதிகம், ஒக்டோபர், நவம்பரில் நிச்சயம். குடையை மறந்தாலும் உடவத்தகலைக் காட்டுக்குப் போகிறவர்கள் உப்பை மறக்கக் கூடாது. அட்டை.

மதியச் சாப்பாடு எங்கே?

சைவக் கடைகள் டவுனிலேயே நல்லது இருக்கின்றன. முன்கூட்டிச் சொன்னால் எங்கள் பக்கத்து ரொட்டியும் கட்டச் சம்பலும் ஏற்பாடு செய்வேன். உறைப்பு எங்கள் அளவுக்குத்தான் இருக்கும், குறைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

கட்டணத்தில் என்னென்ன அடங்கும்?

வாகனம், எரிபொருள், தரிப்பிடம், சாரதி, வழிகாட்டல். நுழைவுச் சீட்டு தனி. இலங்கையர்கள் அடையாள அட்டை கொண்டு வாருங்கள், பல இடங்களில் இலவசம் அல்லது சிறு தொகை. வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு விலை வேறு. அந்தத் தொகைகள் மாறிக்கொண்டே இருப்பதால் பதிவு செய்யும் அன்று உள்ளதை எழுதி அனுப்புவேன். அன்பளிப்பு உங்கள் விருப்பம். சாரதித் தம்பியை மறக்காதீர்கள்.

கடைகளுக்குக் கூட்டிப் போவீர்களா?

நீங்கள் கேட்டால் மட்டும். வாசனைத் திரவியத் தோட்டம், ரத்தினக் கடை, 'பற்றிக்' சாயத் துணிக் கடை என்று சுற்றவைத்துத் தரகு வாங்குவது இந்தத் தொழிலில் ஊரறிந்த ரகசியம். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த இடத்தில் ஒரு நாளைக்கு மூன்று கடை கணக்கு. நான் வெளியே வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

வழியில் ஒருவர் "இன்று தலதா மாளிகை பூட்டு" என்றாரே?

நம்பாதீர்கள். அடுத்த வாக்கியத்தில் "ஆனால் இன்றைக்கு மட்டும் ஒரு விசேஷக் கடை" என்று வரும். ஏரிக்கரையில் தினமும் நடக்கும் நாடகம். யாரை நம்புவது என்று தெரியாவிட்டால் உரிம அட்டையைக் கேளுங்கள். இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை பதிவு செய்த வழிகாட்டிகள் கழுத்தில் போட்டிருப்பார்கள். என்னிடமும் கேளுங்கள், கோபிக்கமாட்டேன்.

போயா (பௌர்ணமி) நாளில் வரலாமா?

வெள்ளை உடை, பூ, விளக்கு என்று பார்க்க அழகு. வரிசை நீளம். மதுவும் இறைச்சியும் அன்று கடையில் கிடைக்காது.

வீட்டுக்கு என்ன தேயிலை வாங்குவது?

கண்டிப் பக்கத் தேயிலை நடுத்தர உயரத்தில் விளைவது, சாயம் நன்றாக இறங்கும். பாலூற்றிக் குடிக்கிற வீடென்றால் டஸ்ட் அல்லது பி.ஓ.பி.எஃப் என்ற நுண்ணிய தூள் வகைகள். வெறுந்தேநீர் பிரியர்களுக்கு அதைவிடச் சற்றுப் பெரிய இலைத்துண்டான பி.ஓ.பி. அலங்காரப் பெட்டிக்குக் காசு கொடுக்காதீர்கள். மார்க்கெட்டில் நிறுத்துக் கட்டித் தரும் கடை ஒன்றைக் காட்டுகிறேன். காற்றுப் படாமல் கட்டி, பையின் நடுவில் துணிகளுக்குள் வையுங்கள். மாசித்தூளோடு சேர்த்து மட்டும் வைக்காதீர்கள், இரண்டும் கெட்டுவிடும்.